கணுக்கால் உயரத்தில் மெழுகுவத்தி

இல்லடா ஜிகா, நீ சொன்னது தப்பு. வாசல்லயே சொன்னேன், காதுல வாங்காம வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே. இப்ப ஊரே கேக்கட்டும். உன் நிலவறையில வாங்கி மாட்டியிருக்கியே பெட்டி, அது நல்ல பெட்டிதான். கெட்ட காத்து வந்தா கத்தும், ஒத்துக்கறேன். ஆனா அதை எங்கடா மாட்டியிருக்கே? காலண்டர் பக்கத்துல, உன் மூக்குக்கு நேரா! உன் மூக்கு இருக்கிற உயரத்துல காத்து எப்பவும் நல்லாத்தான் இருக்கும். சாவு தரையிலல்ல படுத்துக் கிடக்கு? "டீச்சர் போயாச்சு, அந்த மெழுகுவத்திக் கூத்தும் அவங்களோட போகட்டும்"னு சொல்றியே, உனக்கு...

என்ன மேயரம்மா, மணி அடிக்கிறீங்க? இங்க இல்லாதவன்கூடச் சண்டை போடக் கூடாதா? இருந்தாத்தான் அவன் என்னைப் பேச விட மாட்டானே! சரி சரி, முறைப்படியே ஆரம்பிக்கிறேன்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், மணியைக் கையிலேயே வைத்திருக்கும் மேயர் ஹைனல்கா அவர்களே! கால் வீக்கத்தோடு மேடையேறியிருக்கும் பாதிரியார் அவர்களே! போகாச்சா ரொட்டித் தட்டு எப்போது வரும் என்று பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் கெஷெரூகூத் ஊர்ப் பெருமக்களே! எல்லோருக்கும் இக்னாட்ஸ் கிழவனின் வணக்கம்.

நம் ஊர்ப் பள்ளியின் வேதியியல் ஆசிரியை, மதிப்புக்குரிய வாமோஷ் யோலான் அம்மையார் மறைந்துவிட்டார். அறுவடைக்கு முன்னால் போனார். இப்போது அறுவடை பாதி முடிந்துவிட்டது. திராட்சைச் சாறு நிலவறைகளில் புளித்து ஒயினாகப் பொங்க ஆரம்பித்துவிட்டது. அவர் இல்லாமல் பொங்குகிற முதல் சாறு இது. அதனால்தான் ஜிகாவோடு எனக்குச் சண்டை. ஊரிலேயே பெரிய நிலவறை அவனுடையது. இன்றைக்குக்கூட அஞ்சலிக்கு வந்து, பூவை வைத்துவிட்டு, சாறு பிழியப் போய்விட்டான்.

யோலான் டீச்சர் யார்? சின்னப் பிள்ளைகளுக்கு அவர் டீச்சர். எங்களுக்கு? அது வேறு கதை.

எட்டாம் வகுப்பு முடிக்காதவன் இனிமேல் மருந்து தெளிக்கும் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு உத்தரவு போட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்தவன், விலகிக்கொண்டேன். என்னைப் போல ஒரு கும்பல் இருந்தது. மீசை வைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், எல்லோரையும் பிடித்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். குளிர்காலப் பிற்பகல். முழங்கால் தாடையில் இடிக்கிறது. அப்போது உள்ளே வந்தார் டீச்சர். இருபத்திரண்டு வயது. பட்டணத்துப் பெண். காலணி முழுக்க எங்கள் ஊர்ச் சேறு.

"உலகத்துல இருக்கிற எல்லாமே அணுவால ஆனது" என்றார்.

அம்ப்ருஷ் கையைத் தூக்கினான். "டீச்சர், நம்ம சங்கத் தலைவருமா?"

"அவரும்தான்."

"அப்ப அந்த ஆளுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டாங்க."

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது.

மறுநாள் கேட்டார்: "வருஷா வருஷம் முதுகுல சுமந்து கொடிக்குத் தெளிக்கிறீங்களே, அது என்ன?"

"மயில்துத்தம்" என்றான் வெண்டல். இதோ முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, இதே வெண்டல்தான். அப்போது முடி இருந்தது.

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

"மயில்துத்தம்."

"அது எதால ஆனது?"

"டீச்சர், மயில்துத்தம் மயில்துத்தத்தாலதான் ஆனது! பட்டணத்துல இதைக்கூடச் சொல்லித் தரலையா?"

டீச்சர் ஒரு கட்டியை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பின் மேல் காட்டினார். நீலம் வெளுத்தது. வெளுத்து, மாவு போல ஆகிவிட்டது. வெண்டல் எழுந்தே நின்றுவிட்டான். "ஐயையோ, கொன்னுட்டாங்க!"

அது ஆறியதும் டீச்சர் அவன் கையில் ஒரு கரண்டித் தண்ணீரைக் கொடுத்தார். "ஒரு சொட்டு விடுங்க, வெண்டல்." விட்டான். நீலம் குபுக்கென்று திரும்பி வந்தது! நண்பர்களே, தேவாலயத்தில்கூட அவன் அப்படி வாயைப் பிளந்து நான் பார்த்ததில்லை. "செம்பு, கந்தகம், ஆக்சிஜன்" என்றார் டீச்சர். "மூணும் தனித்தனித் தனிமம். ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்போ சேர்மம். தண்ணியும் வந்து ஒட்டிக்கிட்டாத்தான் இந்த நீலம்."

அதற்குப் பிறகு யாரும் தூங்கவில்லை.

பிடித்துக்கொள்வது என்றால் எப்படி? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு அணுவுக்கும் கை உண்டாம். ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஆக்சிஜனுக்கு இரண்டு. கார்பனுக்கு நாலு. எந்தக் கையும் சும்மா தொங்கக் கூடாது. எங்களை எழுப்பி நிறுத்தி, நீ இது, நீ அது என்று பேர் வைத்தார். ஹைட்ரஜன்கள் ஒரு கையை இடுப்புவாரில் செருகிக்கொண்டு நின்றார்கள்.

"நான் என்ன டீச்சர்?" என்று கேட்டேன். அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க ஆர்கான், இக்னாட்ஸ். அங்கேயே இருங்க."

"அதுக்கு எத்தனை கை?"

"கையே கிடையாது. யார்கூடவும் சேராது, ஒரு வேலையும் செய்யாது."

அந்தப் பேர் என் வீடு வரைக்கும் வந்தது. இன்றைக்கும் விறகு வெட்டச் சொல்லி நான் நகரவில்லை என்றால் என் மனைவி அந்தப் பேரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

கார்பனுக்கு நாலு கைக்கு எங்கே போவது? டீச்சர் சுற்றிப் பார்த்தார். வெண்டலையும் அம்ப்ருஷையும் கூப்பிட்டு முதுகோடு முதுகு ஒட்டி நிற்கச் சொன்னார். வகுப்பே மூச்சை நிறுத்தியது. ஏன்? வெண்டலின் தங்கையைத்தான் அம்ப்ருஷ் கட்டியிருந்தான். மச்சான்மார்கள். இருவர் நிலவறைக்கும் நடுவே எல்லையில் நின்ற ஒரு வால்நட் மரத்துக்காகச் சண்டை போட்டு, வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. ஒருவன் வந்தால் இன்னொருவன் தெருவையே மாற்றுவான். அது பட்டணத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டு பேரையும் சேர்த்து ஒரு தோல்வாரால் கட்டினார். முன்னால் தபால்காரர் ஒரு ஆக்சிஜன், வெண்டலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பின்னால் கொல்லர் ஒரு ஆக்சிஜன், அம்ப்ருஷின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் கரியமில வாயு" என்றார் டீச்சர். "சாறு பொங்குறப்போ அதுல இருக்கிற சர்க்கரை உடையுது. ஒரு பங்கு உங்க தலைக்கு ஏறுற சரக்கு. இன்னொரு பங்கு இந்த நாலு பேரு. நிறம் இல்ல. காத்தை விடக் கனம். தண்ணி மாதிரி தரையில தேங்கும். எரியிற திரியையும் அணைக்கும், ஆளையும் அணைக்கும்."

பாடம் முடிந்தது. வார் முடிச்சு அவிழவில்லை! இழுக்க இழுக்க இறுகியது. கத்தி தேடி ஆள் ஓடினான்.

"உன் முழங்கை குத்துது" என்றான் வெண்டல்.

"உன் முதுகு வேர்க்குது" என்றான் அம்ப்ருஷ்.

"நீ குண்டாயிட்டே."

"உன் தங்கச்சி சமையல்."

பேசிவிட்டார்கள்! பாதிரியார் நாலு ஈஸ்டருக்கு முயன்று முடியாததை ஒரு தோல்வார் முடித்தது. டீச்சர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சோடியத்தைத் தண்ணியில போட்டா எரியும். குளோரின் மூச்சுல ஏறுனா ஆள் காலி. ரெண்டும் சேந்தா ரொட்டியில தூவுற உப்பு." அந்த வருஷ வால்நட்டை இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே பாயில் காயவைத்தார்கள். வெண்டல், நான் பொய் சொல்றேன்னா இப்பவே சொல்லு. பாருங்க, வாயைத் திறக்கல.

மெழுகுவத்திக்கு வருகிறேன். மணி அடிக்காதீங்க மேயரம்மா, வந்துட்டேன்.

சாறு பொங்கும் காலத்தில் மெழுகுவத்தி இல்லாமல் நிலவறையில் இறங்கக் கூடாது என்பது எங்கள் தாத்தாவுக்கும் தெரியும். ஆனால் மெழுகுவத்தி பிடிக்க நாங்கள் எங்கே கற்றோம்? ஈஸ்டர் பவனியில். நெஞ்சுக்கு நேரே, இரண்டு கையாலும், பக்தியாக! டீச்சர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கர்த்தரோட பவனியிலயா போறீங்க? கீழ பிடிங்க! கம்பியில கட்டி கணுக்காலுக்கு விடுங்க. நாய்க்குட்டியை முன்னாடி விட்டுக் கூட்டிட்டுப் போறாப்புல." நாங்கள் கேட்கவில்லை. குனிந்து போனால் பீப்பாய் மரியாதை தராதாம்.

ஒரு அறுவடையில் அம்ப்ருஷ் இறங்கினான். நெஞ்சுக்கு நேரே மெழுகுவத்தி. அது நன்றாகத்தான் எரிந்தது. அதைப் பீப்பாய் மேல் வைத்துவிட்டு, குழாயைத் திருகக் குனிந்தான். எழுந்திருக்கவில்லை.

வெண்டல் பின்னாலேயே வந்தவன், படியில் இரண்டு காலை வைத்துவிட்டான். எங்கிருந்து வந்தார் என்று தெரியாது, டீச்சர் அவனைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கதவைச் சாத்தினார். அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"விடு! மெழுகுவத்தி எரியுது பாரு! காத்து நல்லாத்தான் இருக்கு!"

"அது மேல எரியுது. அவரு கீழ கிடக்கிறாரு."

"மூச்சு விடுறான், எனக்குக் கேக்குது! கொலைகாரி, கதவைத் திற!"

"கூரையில இருக்கிற காத்துத் துளையை உடைச்சுப் பெருசாக்குங்க" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். "கயிறும் கொக்கியும் கொண்டு வாங்க. யாரும் இறங்கக் கூடாது. வெண்டல், நீங்க போனா ஒரு வீட்டுல ரெண்டு சவப்பெட்டி."

உடைத்தோம். கொக்கியில் இழுத்தோம். அம்ப்ருஷ் போய்விட்டிருந்தான். அன்றைக்கு ஊர் டீச்சரை என்னென்ன சொன்னது! வெண்டல் மட்டும் அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சவப்பெட்டியைத் தூக்கும்வரைக்கும் பேசவில்லை.

டீச்சர் என்ன செய்தார்? பட்டணத்துக்குத் திரும்பினாரா? அடுத்த அறுவடைக்குக் கம்பியும் மெழுகுவத்தியுமாக நிலவறைகள் இருக்கும் மேட்டுக்கு ஏறினார். சாறு பொங்கும் நாளெல்லாம், காலையில், ஒவ்வொரு நிலவறையாக. திட்டினாலும் வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். அவர் நடக்க ஆரம்பித்த பிறகு இந்த ஊரில் எவனாவது நிலவறையில் செத்தானா? சொல்லுங்கள்!

ஒரே ஒருவன் கதவைத் திறக்க மாட்டான். வெண்டல்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூரைத் துளை வழியாகக் கம்பியை இறக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்துச் சொல்வார்: "இன்னிக்கு எரியுது, வெண்டல்." இல்லையென்றால், "இன்னிக்கு வேண்டாம், வெண்டல்." இவன் அந்த வால்நட் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். காதே கேட்காதவன் மாதிரி!

வெண்டல், நான் பக்கத்து நிலவறைக்காரன். ஒரு வேலையும் செய்யாத ஆள், அதனால எல்லாத்தையும் பாப்பேன். அவங்க 'வேண்டாம்'னு சொன்ன நாள்ல நீ ஒரு தடவைகூட இறங்கினதில்லடா.

முகத்தைத் திருப்பிக்காதே. திட்டல.

இப்போது வழக்கப்படி உறுதிமொழி எடுக்க வேண்டும். மேயரம்மா எழுதி வைத்திருக்கிறார்: 'அன்னார் விட்டுச்சென்ற பணியை நாம் தொடர்வோம்.' நல்ல வாக்கியம். பள்ளியில் ஒரு அறைக்கு அவர் பேரை வைக்கலாம், பலகை மாட்டலாம். நானும் கை தட்டுவேன். ஆனால் கரியமில வாயு பலகையைப் படிக்குமா? அப்புறம் இந்த 'நாம்' யாரு? எந்தத் தெரு? அந்த ஆளுக்கு முழங்கால் நல்லா இருக்கா? எனக்கு இல்லை. பாதிரியார் காலைப் பாருங்கள். ஜிகாவின் நிலவறையில் போன வாரச் சாறு இப்போது பொங்குகிறது, நாளைக் காலையில் அவன் ஆட்கள் இறங்குவார்கள், பெட்டி காலண்டருக்குத் துணையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

தினமும் மேட்டுக்கு ஏறி இறங்குகிற கால் இந்த மண்டபத்தில் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறது. அது முதல் வரிசையில் இருக்கிறது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்திருப்பது யாரால்? நான் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும். ஆகவே, பெருமக்களே, யோலான் அம்மையார் பெயரால் நாம் எல்லோரும் எழுந்து நின்று...

ஏய், நீ எங்க எழுந்திரிக்கிறே? இன்னும் நான் சொல்லவே இல்ல! வெண்டல்! உறுதிமொழி எடுத்துட்டுப் போடா! தொப்பியைப் போட்டுட்டான். கோவிச்சுக்கிட்டான். டேய், கதவைச் சாத்திட்டாவது போ, குளிருது! பாத்தீங்களா, சாத்தல.

மேயரம்மா, ஒரே நிமிஷம், அந்த மணியைக் கீழ வைங்க. ஜன்னலோரம் யாரு, ரோஸியா? உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்ல? எட்டிப் பாரும்மா. வலது பக்கம் திரும்பினா வீட்டுக்குப் போறான். இடது பக்கம்னா மேட்டுக்கு, நிலவறைகளுக்கு. எந்தப் பக்கம்?

நிக்கிறானா? இன்னும் நிக்கிறானா?

சத்தமாச் சொல்லு, பாதிரியாருக்கும் கேக்கட்டும்.

இடது பக்கமா? அட மடப்பயலே, வெறுங்கையோட போறான்! யாராவது ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கிட்டு அவன் பின்னாடி ஓடுங்கப்பா...