லயத்து ரோட்டுல வந்த வீடு

சாயங்காலம் ஆறு மணி. ஆமா, ஆறுதான்... நடுச்சாமம்னு நெனைச்சுக்கிட்டு இருக்காதீங்க. ஆனா நவம்பர் மாசத்து ஆறு மணி, அதுவும் அக்கரப்பத்தனைக்கு மேல. பனி எறங்கிட்டா அங்க ஆறும் ஒண்ணுதான், பன்னெண்டும் ஒண்ணுதான். ஒரு பக்கம் தேயிலை. ஒரு பக்கம் பள்ளம். நடுவுல ஒரு ரோடு. அந்த ரோட்டுல ஒரு வீடு போய்க்கிட்டு இருக்கு.

சிரிக்காதீங்க. வீடுதான். சில்லு வச்ச, சக்கரத்துல ஓடுற வீடு.

நம்ம துஷாந்த தெரியும்ல... ஹட்டன்ல போன் கடை வச்சிருக்கானே. அவனோட பெரியம்மா மகதான் மெரினாக்கா. அவங்க வீட்டுக்காரரு ஜெரோமி அண்ணன். ரெண்டு பேரும் இத்தாலியில இருக்காங்க. அக்காவுக்கு வயசானவங்கள பாத்துக்கிற வேல. அண்ணன் லொறி ஓட்டுறாரு. இது அவருக்கு நடந்தது. துஷாந்துகிட்ட ஒரே ஒரு தடவ சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் எந்திரிச்சு வெளிய போயிருவாராம்.

அந்த மெழுகுவத்திய கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. ம்... போதும்.

இத்தாலியில லீவு வந்துட்டா கேம்பர் வண்டி எடுத்துக்கிட்டு ஊரு ஊரா சுத்துறது அவங்களுக்குப் பழக்கம். வண்டிக்குள்ளயே கட்டிலு, அடுப்பு, தண்ணித் தொட்டி, ஜன்னலுக்குத் திரை, எல்லாம் இருக்கும். அதே மாதிரி ஒண்ண நீர்கொழும்புல வாடகைக்கு எடுத்துக்கிட்டுத்தான் மலைக்கு வந்தாங்க. ஆனா இந்தத் தடவ சும்மா சுத்துறதுக்கு இல்ல. மெரினாக்காவோட அம்மா செத்தப்ப, விசா பேப்பர் சரியில்லாம அக்காவால வர முடியல. அடக்கத்த போன்லதான் பாத்தாங்க. துஷாந்துதான் போன தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அதனால இந்தக் கல்லறைத் திருநாளுக்கு எப்பிடியாவது அக்கரப்பத்தனைக்கு மேல, மாதா கோயில் கல்லறையில இருக்கிற அம்மா குழிமேல ஒரு மெழுகுவத்தி ஏத்திரணும்னு அக்காவுக்கு ஒரே ஆசை.

ஹட்டன்ல துஷாந்து கடைக்கு முன்னால வண்டிய நிப்பாட்டுனதும் சனம் கூடிருச்சு. எட்டி எட்டிப் பாக்குறாங்க. அங்கதான் பேச்சு வந்துச்சு... எந்த வழியா போறது, எத நம்பிப் போறதுன்னு.

ஜெரோமி அண்ணன்கிட்ட ஒரு பெட்டி. கேம்பர் வண்டிக்குன்னே விக்கிற ஜி.பி.எஸ். வண்டியோட உயரம், அகலம், நீளம், எடை எல்லாத்தையும் அதுல போட்டு வச்சுட்டா, வண்டி போக முடியாத பாலத்துப் பக்கமோ தாழ்வான வளைவுப் பக்கமோ அது கூட்டிட்டுப் போகாதாம். இலங்கை மேப்ப தனியா காசு குடுத்து வாங்கி ஏத்தியிருந்தாரு. அதுக்குள்ள ஒரு பொம்பள இத்தாலி பாஷையில பேசும். மெரினாக்கா கையில போன். சிக்னல் இல்லாட்டியும் தெரியிற மாதிரி மேப்ப முன்னமே எறக்கி வச்சிருந்தாங்க.

"எனக்கு போன் போதும்ங்க. போன மாசத்து ரோடுகூட இதுல இருக்கு"ன்னாங்க அக்கா.

"போனுக்கு நீ கார்ல வாறியா, வீட்டோட வாறியான்னு தெரியாது. ஆல்ப்ஸ் மலையில ஆடு போற பாதையில ஏத்திவிட்டுச்சே, மறந்துட்டியா? அன்னைக்குக் காப்பாத்துனது இந்தப் பெட்டிதான்."

துஷாந்து சிரிச்சான். "அண்ணே, அது ஆல்ப்ஸ். இங்க ஒரு மழைக்கு ஒரு ரோடு காணாமப் போகும். பெட்டிக்கு யாரு போயிச் சொல்றது? ரெண்டையும் நம்பாதீங்க. ஆளப் பாத்தா நிப்பாட்டிக் கேளுங்க."

அண்ணன் பெட்டியத்தான் கண்ணாடியில ஒட்டுனாரு.

அக்கரப்பத்தனை வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்ல. அதுக்கு மேல ரோடு ரெண்டா பிரியிற எடத்துல, போன் எடது பக்கம்னுச்சு. பெட்டி வலது பக்கம்னுச்சு. எடது பக்கம் ஒரு ஒடுக்கமான இரும்புப் பாலம் இருக்கு. வண்டியோட அகலத்துக்கு அது ஆகாதுன்னு பெட்டி அத ஒதுக்கிருச்சு. சரிதானே... தப்பு சொல்ல முடியாது.

"வலது பக்கம் ஒரு டயர் தடம்கூட இல்லைங்க. புல்லு மொளைச்சிருக்கு"ன்னாங்க அக்கா.

"பாலத்துல மாட்டிக்கிட்டா யாரு வந்து தூக்குறது?"

"யாரையாவது கேப்போம்."

கேக்குறதுக்கு ஒரு ஈ காக்கா இல்ல. பனிதான் தேயிலைக்கு மேல உருண்டு உருண்டு வருது. அண்ணன் வலது பக்கம் திருப்புனாரு.

கொஞ்ச தூரம் போனதுமே பனி அடைச்சிருச்சு. லைட்ட போட்டா வெள்ளைச் சொவருல அடிச்ச மாதிரி திரும்பி வருது. வைப்பரு... கீச்... கீச்... மெரினாக்கா போன அண்ணன் பக்கம் திருப்புனாங்க. அண்ணன் எட்டிப் பாத்தாரு. நீலப் புள்ளி பச்சைக்கு நடுவுல தனியா நிக்குது. அதுக்குக் கீழ ரோடே இல்ல. பெட்டியிலயோ வெள்ளையா, நேரா, அழகா ஒரு ரோடு. அந்தப் பொம்பள 'நேரா போங்க'ங்குது.

போனாங்க.

அப்பத்தான் வெளிச்சம் தெரிஞ்சுச்சு. மஞ்சளா, வரிசையா. லயம்... தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீடு. அண்ணனுக்கு உசுரு வந்துச்சு. ஆனா ஒண்ணு... ஒரு நாய் கொலைக்கல. நீங்களே சொல்லுங்க, தெரியாத வண்டி வந்து நாய் கொலைக்காத லயம் ஒண்ணு எங்கயாவது இருக்கா?

ரோட்டோரமா ஆளுங்க நின்னாங்க. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி வரிசையா. தலையில சாக்கப் போட்டுக்கிட்டு சில பேரு. இடுப்புல புள்ளையோட ஒரு பொம்பள. அண்ணன் கண்ணாடிய எறக்குனாரு. எறக்குனதும் உள்ள வந்துச்சு ஒரு வாசம்... குழி வெட்டுறப்ப வருமே, அது. பச்ச மண்ணு. அறுந்த வேரு.

"அண்ணே, மாதா கோயிலுக்கு இந்த ரோட்டால போகலாமா?"

யாரும் அவரப் பாக்கக்கூட இல்ல. எல்லாரும் வண்டியத்தான் பாத்தாங்க. பின்னால ஜன்னல் திரை தொறந்து கெடந்துச்சு. உள்ள லைட்டு எரியுது. விரிச்ச கட்டிலு, அடுப்பு, அதுமேல தேத்தண்ணிக் கேத்தல், எல்லாம் வெளிய தெரியுது. அதத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க. பசிச்சவங்க சோத்துப் பானைய பாக்குற மாதிரி.

ஒரு வயசான அம்மா மட்டும் முன்னால வந்தாங்க. முடியெல்லாம் நனைஞ்சு மூஞ்சியில ஒட்டியிருக்கு.

"வீடா, தம்பி?"

அண்ணன் சும்மா சிரிச்சுக்கிட்டு, "ஆமாம்மா... வீடு மாதிரிதான்"ன்னாரு.

அந்த அம்மா பின்னால திரும்புனாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க.

"வந்துருச்சு."

...

வண்டி லேசா அமுங்குச்சு.

பின் பக்கம் ஸ்பிரிங் ஒரு தடவ முனகுச்சு. மெரினாதான் எதையோ எடுக்கப் பின்னால போயிருக்குன்னு அண்ணன் நெனைச்சாரு. திரும்பிப் பாத்தா, அக்கா பக்கத்துலயே, மடியில போர்த்துன கம்பளியோட உக்காந்திருக்காங்க. வண்டி மறுபடி அமுங்குச்சு. மறுபடியும். ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் கொஞ்சமா... ஆளு ஏற ஏற பஸ்ஸு எறங்குமே, அப்பிடி.

அண்ணன் வெளிய பாத்தாரு. ரோட்டோரத்துல யாரும் இல்ல. லயத்து வெளிச்சம் இல்ல. லயமே இல்ல.

காத்து ஒரு தடவ அடிச்சுப் பனி வெலகுச்சு. முன்னால ரோடு இல்லைங்க. பத்தடியில அறுந்து போயிருக்கு. மலை மேலருந்து கீழ வரைக்கும் ஒரே செவப்பு மண்ணு. மண்ணுக்குள்ளருந்து ஒரு தகரம் நீட்டிக்கிட்டு நிக்குது. பச்ச பெயிண்ட் அடிச்ச பாதிச் சொவரு ஒண்ணு. அவ்வளவுதான். பெட்டி மட்டும் 'நேரா போங்க, நேரா போங்க'ன்னுக்கிட்டே இருக்கு.

மெரினாக்கா கைய நீட்டிப் பெட்டியப் பிடுங்கிக் கீழ போட்டாங்க.

எப்பிடி ரிவேர்ஸ் எடுத்தாருன்னு அவருக்கே தெரியாதாம். ஆனா ஒண்ணு சொன்னாரு. லொறி ஓட்டுறவனுக்கு லோடு தெரியும். ஏத்துனது எவ்வளவு, எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு... கிளட்ச்சுலயும் பிரேக்குலயும் காலு சொல்லிரும். வந்தப்ப வெறும் வண்டி. திரும்பினப்ப வெறும் வண்டி இல்ல.

கீழ ரோட்டு முக்குல ஒரு தேத்தண்ணிக் கடை. மாயாண்டின்னு ஒருத்தரு கடைய சாத்திக்கிட்டு இருந்தாரு. வண்டி வந்த பக்கத்தப் பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டாரு.

"அந்த ரோட்டுக்குள்ளயா போனீங்க?"

"லயத்துக்கிட்ட வரைக்கும்..."

"லயமா? அது போன வருஷத்து மழையில எறங்கிருச்சுங்களே. ரெண்டு வீட்டுக் காம்பராவத் தோண்டுனாங்க. மத்ததத் தோண்ட முடியல, அப்பிடியே விட்டுட்டாங்க. மிச்ச சனம் ஸ்கூல்லதான் படுத்துக் கெடக்கு. புது வீடு வருது, வருதுன்னு..."

பேச்ச பாதியில நிப்பாட்டிட்டாரு. வண்டிக்குப் பின்னால போனாரு. கதவு அகலத் தொறந்து கெடந்துச்சு. உள்ள எட்டிப் பாக்கல அந்த மனுசன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கதவ மெதுவா... தூங்குற புள்ள முழிச்சிரக் கூடாதுன்னு சாத்துவோமே, அப்பிடிச் சாத்திட்டு வந்தாரு.

"நிக்காமப் போங்க, தம்பி."

வண்டி கெளம்புச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மெரினாக்கா அழுதாங்க. "இவ்வளவு தூரம் வந்துட்டு... அம்மாகிட்ட போகாமப் போறோமே."

"இன்னைக்கு வேணாம் மெரினா."

"நடந்தாவது போயிட்டு வந்துர்றேன்ங்க. நீங்க வண்டியில இருங்க."

"நான் தனியா இந்த வண்டியில இருக்க மாட்டேன்."

அக்கா அவரப் பாத்தாங்க.

"வண்டி கனமா இருக்கு மெரினா"ன்னாரு அண்ணன். "ரொம்பக் கனமா இருக்கு."

அதுக்கப்புறம் அக்கா அழல. நடுக் கண்ணாடிய அண்ணன் கூரையப் பாத்துத் திருப்பி விட்டுட்டாரு. கண்ண மறைக்கலாம்... காத என்ன பண்றது? பின்னால கேத்தல் மூடி ஆடுது... டின்... டின்... கட்டில் பலகை ஒரு தடவ கிரீச்சுன்னுச்சு. அப்புறம் ஒரு சின்ன இருமல். புள்ளைங்க சேலைக்குள்ள மூஞ்சிய பொதைச்சுக்கிட்டு இருமுங்களே... அது.

வயசானவங்களோட வருசக் கணக்கா ராத்திரி முழிச்சு இருந்தவங்க மெரினாக்கா. இருமல் சத்தம் கேட்டா தானா எந்திரிச்சிருவாங்க. அன்னைக்கு சீட்ட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

லிந்துலை தாண்டி பொலிஸ் நின்னுச்சு. ஒரு சிங்களப் பையன். டோர்ச்ச ஆட்டி ஓரங்கட்டச் சொன்னான். அண்ணனுக்கு அவனக் கண்டது ஆண்டவரக் கண்ட மாதிரி இருந்துச்சாம். லைசன்ஸ குடுத்தாரு. அவன் பாத்தான். வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தான். சைட் கண்ணாடியில அண்ணனுக்குத் தெரியுது... பின் ஜன்னல்கிட்ட அவன் நின்னான். டோர்ச்ச உள்ள அடிச்சான். அடிச்ச கையோட சட்டுன்னு அத அணைச்சுட்டான்.

திரும்பி வந்தப்ப கொரலத் தணிச்சுக்கிட்டான்.

"ஹெமின் யன்ன, மாத்தையா"ன்னான். மெதுவாப் போங்க, ஐயா. "புள்ளைங்க தூங்குதுங்க."

ரெண்டு பேருக்கும் புள்ளையே இல்லைங்க.

லைசன்ஸ திருப்பி நீட்டுனவன் மெரினாக்கா பக்கம் குனிஞ்சான். "அந்த வயசான அம்மாவுக்கு எதையாவது போத்தி விடுங்க, நோனா. நனைஞ்சு, நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அவன் பாட்டுக்கு அடுத்த வண்டிக்குப் போயிட்டான்.

ரெண்டு பேரும் அப்பிடியே இருந்தாங்க. எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு. வைப்பரு... கீச்... கீச்... கெளம்பவும் முடியல. எறங்கவும் முடியல.

மெரினாக்காதான் மொதல்ல அசைஞ்சாங்க. மடியில இருந்த கம்பளிய எடுத்தாங்க. மடிச்சாங்க. திரும்பிப் பாக்கல... கண்ண மூடிக்கிட்டாங்க. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கைய மட்டும் பின்னால நீட்டுனாங்க.

"இந்தாங்கம்மா."

அண்ணன் அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கம்பளி கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால போச்சு. அவசரப்படாம... கை தவறிறக் கூடாதுன்னு வாங்குற மாதிரி. அக்கா கை வெறுங்கையா முன்னால வந்துச்சு.

கம்பளி கீழ விழுந்த சத்தம் வரல.

ஒதறி விரிச்ச சத்தம்தான் வந்துச்சு.