கரை ஒதுங்கின பலகை

— இதுவும் பூட்டித்தான் கிடக்கு மாமா. வாங்க, திரும்பிடலாம். மத்தியான பஸ்ஸையாவது பிடிக்கலாம்.

— பூட்டலம்மாடி. கொக்கி மட்டும்தான் மாட்டியிருக்கு. போர்டைப் படி. 'கடல் தந்த பொருட்கள் காட்சியகம். துணிகள் தைத்துத் தரப்படும்.'

— தையல் கடையிலயா காட்சியகம்?

— இருந்தா என்ன? போன வாரம் பாத்த சங்குக் காட்சியகம் டாக்டர் வீட்டு கார் ஷெட்லதானே இருந்துச்சு?

— ஆமா. ஒரு ரூம், ஒரு ஃபேன். அந்த ஃபேனும் காட்சிப் பொருளான்னு கேக்கலாம்னு பாத்தேன். அதுக்கு முன்னாடி உப்புக் காட்சியகம். அதுக்கு முன்னாடி முடிச்சுக் காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கயிறு கயிறா முடிச்சுப் போட்டு வெச்சிருந்தாங்களே, அதையும் ஒரு மணி நேரம் நின்னு பாத்தீங்க.

— கயிறு அவன் படகுக் கயிறு மாதிரி இருந்துச்சு.

— எல்லாக் கயிறும் கயிறு மாதிரிதான் மாமா இருக்கும்.

— உனக்குக் கால் வலிக்குது. இந்தப் படியில உக்காரு. கடைக்கார அம்மா பக்கத்துல எங்கயாவது போயிருப்பாங்க.

— எனக்குக் கால் வலிக்கல. மாமா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. இதோட நிறுத்திக்கலாம். உங்க மகன் போய் ரெண்டு மழைக்காலம் ஆச்சு.

— போயிட்டான்னு சொல்லாத. வரலைன்னு சொல்லு.

— சரி, வரல. புயல் வருதுன்னு ரேடியோவுல தொண்டை கிழியக் கத்தினாங்க. ஊரே படகைக் கரையில ஏத்திக் கட்டுச்சு. இவர் மட்டும் தனியாக் கிளம்பினாரு. தேடினவங்களே கைய விரிச்சிட்டாங்க. நாம ஞாயித்துக்கிழமைதோறும் இப்படி ஊர் ஊரா, சந்து சந்தா, கண்ணாடிப் பெட்டி மேல மூக்கை ஒட்டி வெச்சுப் பாத்துக்கிட்டு…

— துறைமுகத்து ஆபீசர்தானேம்மா சொன்னாரு, கரையில ஒதுங்குறதையெல்லாம் இந்த மாதிரி சின்னச் சின்னக் காட்சியகத்துலதான் கொண்டாந்து வெப்பாங்கன்னு.

— நம்ம தொல்லை பொறுக்காம சொன்னாரு மாமா.

— அப்படியே இருக்கட்டும். சொன்னாருல்ல?

— சிட்டுகிட்ட ஸ்கூல்ல கேட்டாங்களாம், உங்க அப்பா என்ன பண்றாருன்னு. என்ன சொல்லியிருக்கா தெரியுமா? 'எங்க அப்பாவைத் தேடிட்டு இருக்காங்க.' வேலை மாதிரி சொல்லியிருக்கா. மத்த பிள்ளைங்க டிரைவர், நர்ஸுன்னு சொல்லுமே, அந்த மாதிரி.

— குழந்தைதானே.

— குழந்தைதான். ஆனா ராத்திரி கதவைத் தாழ் போட விடமாட்டேங்குறா. தாத்தா சொல்லிருக்காராம், அப்பா வந்தா திறந்திருக்கணும்னு. நீங்க மட்டும் நெருப்பை வயித்துல கட்டிக்கிட்டா பரவாயில்ல மாமா. பிள்ளை வயித்துலயும் கட்டாதீங்க.

— …இந்த ஒண்ணு மட்டும் பாத்துடுவோம். இதான் கடைசி. சத்தியமா.

— போன வாரமும் சத்தியம் பண்ணீங்க.

— போன வாரம் பண்ணினது பாதி சத்தியம்.

— யாருங்க அது? படியில உக்காராதீங்க கண்ணு, எறும்பு இருக்கு! வாங்க வாங்க. ஜாக்கெட்டா, காட்சியகமா?

— காட்சியகம்மா.

— அப்படிச் சொல்லுங்க ஐயா! வர்றவங்கள்ல பாதிப் பேரு பட்டன் தைக்கத்தான் வர்றாங்க. தலையைக் குனிஞ்சு வாங்க, நிலை தட்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இது நெல்லு மூட்டை போடுற ரூம்பு. அவர் போனப்புறம் விடிஞ்சா என்ன பண்றதுன்னு தெரியாம கடற்கரைக்கு நடந்தேன். முதல் நாள் ஒரு பாட்டில். மறுநாள் ஒரு பொம்மைக் கை. அப்படியே பழகிடுச்சு. இப்போ மெஷின் வைக்க இடமில்ல.

— இவ்வளவும் நீங்களே பொறுக்கினதா?

— ஒண்ணொண்ணும் என் கையாலதான் கண்ணு. இந்த அலமாரி பூராவும் பாட்டில். இது வலையில கட்டுற மிதவை. இது பல் செட்டு, யாரு சிரிச்ச சிரிப்போ, பாவம். இந்தக் கூடையில செருப்பு. உத்துப் பாருங்க, அத்தனையும் இடது கால்.

— வலது கால் எங்க?

— அது வேற ஊர்ல ஒதுங்குமாம். ரெண்டுக்கும் வளைவு வேற வேறயாம், கடல் பிரிச்சுக் கொண்டுபோயிடுமாம். அப்படித்தான் சொல்றாங்க. ஐயா என்ன தேடுறாரு? கூடையில போட்டிருக்கிற செருப்பெல்லாம் ஒண்ணொண்ணா எடுக்குறாரே.

— எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போனவருங்க. அந்தப் பெரிய புயல்ல. அவரோட அப்பா இவரு.

— ஐயோ. நான் பாட்டுக்குப் பல் செட்டு, சிரிப்புன்னு… மன்னிச்சுக்கோ கண்ணு. ஐயா, நல்லா எடுத்துப் பாருங்க. கொட்டியே பாருங்க.

— அவன் செருப்பு இல்ல. அவனோடது கொஞ்சம் அகலம். சின்ன வயசுலருந்தே பாதம் அகலம் அவனுக்கு.

— மாமா, போதும். வாங்க.

— அந்த மூலையில என்ன இருக்கு?

— அது மரச்சாமான் ஐயா. துடுப்பு, பெட்டி மூடி, படகுப் பலகை. மேல துணி போட்டு வெச்சிருக்கேன், கரையான் பயம். கண்ணு, அந்தத் துணியைக் கொஞ்சம் இழு.

— மாமா.

— என்னம்மா?

— மாமா, இங்க வாங்க. இது… குருவி. குருவிக்குப் பச்சைக் கால்.

— எங்க? கண்ணாடியக் குடு. கண்ணாடி எங்கம்மா?

— உங்க நெத்தியிலதான் இருக்கு.

— சிட்டு. சிட்டு… படகுக்கு நான் எழுதின பேரும்மா இது. என் எழுத்துதான். 'டு'வோட வால் நீளமாப் போயிடுச்சுன்னு அவன் கேலி பண்ணினான். 'என்னப்பா, குருவிக்கு மயில் வாலா'ன்னு.

— குருவிக் கால் மட்டும் நான் பூசுவேன்னு நம்ம சிட்டு அழுதா. கையில கிடைச்சது பச்சை. ஆமா மாமா. நம்மளுதுதான்.

— தண்ணி எடுத்துட்டு வரட்டுமா? ரெண்டு பேரும் உக்காருங்க. அந்த ஸ்டூல்ல துணி இருக்கு, தள்ளிட்டு உக்காருங்க.

— வேணாங்க. நான் நிக்கிறேன். அழுவேன்னு நினைச்சேன், வரமாட்டேங்குது. மாமா, இனிமே போதும்ல? பேருப் பலகையே பிஞ்சு வந்திருக்குன்னா படகு என்ன ஆயிருக்கும்? ஒடைஞ்சிருக்கு. மூழ்கியிருக்கு. சிட்டுகிட்ட நானே சொல்லிடறேன். இன்னிக்கே சொல்லிடறேன். மாமா, ஏன் அதைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க?

— அம்மா, இது எப்போ கிடைச்சுச்சு உங்களுக்கு?

— புயல் அடங்கி ஒரு வாரம் இருக்கும் ஐயா. அலையோடயே வந்துச்சு. ஈரம் சொட்டச் சொட்ட நானே தோள்ல தூக்கிட்டு வந்தேன்.

— இதுல ஸ்க்ரூ ஏதாவது இருந்துச்சா? நீங்க கழட்டினீங்களா?

— நானா? நான் பாசியைக்கூடச் சுரண்ட மாட்டேன் ஐயா. கடல் எப்படிக் குடுக்குதோ அப்படியேதான் வெப்பேன்.

— வேற யாராவது தொட்டாங்களா?

— தொட விட்டாத்தானே!

— என்ன மாமா விசாரணை? கிடைச்சதே பெரிசு.

— இப்படி வாம்மா. ஜன்னல் பக்கம், வெளிச்சத்துக்கு வா. இந்த ஓட்டையைப் பாரு. விரலை விட்டுப் பாரு.

— ஓட்டைதான். ஸ்க்ரூ ஓட்டை.

— சுத்தி மரம் எங்கயாவது கிழிஞ்சிருக்கா?

— இல்ல.

— நாலையும் பாரு.

— இல்ல மாமா. நாலும் உருண்டையா இருக்கு. அதனால என்ன?

— நான் கதவு, கட்டில்னு அறுபது வயசு வரைக்கும் மரத்தோட மல்லுக்கட்டினவன். அலை அடிச்சுப் பிச்சா, ஸ்க்ரூ மரத்தைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வரும். இல்லன்னா பலகை நடுவுல பிளக்கும். இது பிஞ்சு வரல. கழட்டினது.

— யாராவது கழட்டியிருப்பாங்க. படகு மிதந்துட்டு இருந்திருக்கும், எவனாவது வந்து சாமானெல்லாம் எடுத்திருப்பான்…

— இதுல ஸ்க்ரூ இருக்குன்னே வெளியாளுக்குத் தெரியாதும்மா. உப்புத் தண்ணியில துரு ஏறும்னு ஸ்க்ரூவைப் பள்ளமா இறக்கி, மேல மரத்துண்டு வெச்சு அடைச்சு, இழைச்சு, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சேன். ஒண்ணு குருவியோட வயித்துக்கு அடியில. ஒண்ணு அந்த 'டு' வாலுக்குள்ள. பாத்தா பலகை ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரிதான் இருக்கும். பாரு, நாலு இடத்துலயும் மேல இருந்த துண்டை மட்டும் உளியால அழகா நோண்டி எடுத்திருக்கு. தப்பான இடத்துல ஒரு கீறல்கூட இல்ல.

— தேடிப் பாத்து…

— தேடியிருந்தா கீறியிருக்கும்மா. நான் முடுக்க முடுக்க, மறுபக்கம் பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவன் ஒருத்தன்தான்.

— மாமா, ரெண்டு சட்டை. அவரோட நல்ல சட்டை ரெண்டு. அந்த வாரமே உங்ககிட்டச் சொன்னேன், காணோம்னு. கொடியில காஞ்சிருக்கும், காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்னு நீங்கதான் சொன்னீங்க.

— ஆமா. அப்படித்தான் நினைச்சேன்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். புயல் அடிக்கிற நேரத்துல யாராவது இஸ்திரி போட்ட சட்டையைக் கொடியில போடுவாங்களா? அதைக்கூட யோசிக்கல மாமா நான். அவ்வளவு முட்டாளா இருந்திருக்கேன்.

— நீ முட்டாள் இல்லம்மா.

— படகுப் பேரை மாத்திட்டு எங்கயோ ஓட்டிட்டுப் போயிருக்காரு. படகு இருக்கு. அவரும் இருக்காரு. எங்கயோ உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்காரு. என்னை விட்டுட்டுப் போகணும்னா சொல்லிட்டுப் போயிருக்கலாமே. நான் என்ன காலையா பிடிச்சிருப்பேன்? பிள்ளை பேரை… அவ பூசின பச்சைக் காலோட சேத்து கடல்ல வீசியிருக்காரே மாமா. உயிரோட இருக்காரு. நீங்க வேண்டினது இதானே? சந்தோஷப்படுங்க. உங்க பிள்ளை சாகல. ஞாயித்துக்கிழமைதோறும் பஸ் ஏறினீங்களே, கிடைச்சிடுச்சு. சந்தோஷப்படுங்க!

— கண்ணு, பெரியவரைப் போய்…

— பேசட்டும்மா. அவ பேசணும். அவ பேசாம இருந்ததுதான் ஜாஸ்தி.

— நான் வெளிய போறேன். மாமா, சிட்டுகிட்ட நான் என்ன சொல்லுவேன்? செத்துட்டாருன்னா அழுவா, அழுதுட்டு ஒருநாள் நிறுத்துவா. இதை எப்படிச் சொல்றது? உன் பேரைக் கழட்டிப் போட்டுட்டுப் போனாருன்னா? வளர வளரக் கேப்பாளே மாமா. நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேப்பாளே.

— நீ போய்ப் படியில உக்காரும்மாடி. காத்து வாங்கு. நான் வந்துடறேன்.

— எறும்பு இல்லாத பக்கமா உக்காரு கண்ணு… ஐயா, பாவம் அந்தப் பொண்ணு. நான் ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— பலகையை எடுத்துட்டுப் போறீங்களா? உங்க பொருள். நான் தடுக்க மாட்டேன்.

— வேணாம்மா. வீட்டுல பேத்தி இருக்கா. ஓட்டையைப் பாத்தா இன்னிக்குப் புரியாது. என்னிக்காவது புரிஞ்சுடும். இங்கயே இருக்கட்டும்.

— அப்போ சுவத்துல மாட்டிடறேன். ஓட்டை தெரியாத மாதிரி, நாலு ஆணியும் அதுலயே வர்ற மாதிரி அடிச்சுடறேன். சரியா ஐயா?

— சரிம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— பக்கத்துல ஒரு அட்டையும் எழுதி வெக்கணும். எங்க வழக்கம் அது. எந்தப் படகு, என்ன ஆச்சுன்னு. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வெறும் 'படகுப் பலகை'ன்னு போட்டுடறேன்.

— இல்ல. எழுதுங்க. நான் சொல்றேன். நாளைக்கு எங்க பிள்ளை பெரியவளாகித் தேடி வந்தா, படிக்கறதுக்கு ஒண்ணு இருக்கணும்.

— சொல்லுங்க ஐயா. பெரிய எழுத்துலயே எழுதறேன்.

— 'புயலில் மூழ்கிய படகு. ஓட்டிச் சென்றவர் அன்றே கடலில் இறந்துவிட்டார்.' எழுதிட்டீங்களா? அதுக்குக் கீழ போடுங்க… 'உறுதி செய்தது, அவரைப் பெற்ற தகப்பன்.'