விரல் தாண்டிய வரி

திகாம் பத்துவிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“ஒரே ஒரு வரிதான்க்கா விட்டுப்போச்சு. லயத்து வீடு அத்தனையும் காலியாவுது.”

“தோட்டத்து ஆளுங்களோட போட்ட புதுப் பத்திரத்தைப் பழசோட ஒத்துப் பாக்கலியா?”

“பாத்தேன்க்கா. எப்பவும் நீங்க பழசை வாசிப்பீங்க, நான் புதுசுல விரல் வெச்சுக்கிட்டே வருவேன். அன்னிக்கு நீங்க லீவு. நானே வாசிச்சு நானே பாத்தேன்.”

“எந்த வரி?”

“தோட்டத்தை வித்தாலும், வேற வீடு கொடுக்கிற வரைக்கும் ஆளுங்க லயத்துலயே இருக்கலாம்ங்கிற வரி.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வக்கீல்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ‘கையெழுத்து விழுந்திருச்சு, இனி ஒன்னும் செய்ய முடியாதுலா’ங்கிறாரு.”

“கையெழுத்துப் போட்ட அத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா படிச்சுப் பாக்கல?”

“படிச்சுக் காட்டச் சொல்லித்தான்க்கா நின்னாங்க. எங்கப்பாதான், ‘எம் மவ அடிச்ச பேப்பரு, பயப்படாதீங்க’ன்னு முதல் ஆளா கைநாட்டு வெச்சாரு.”