பலகையில் இருக்கும் ஒரு பெயர்

மேடையில் வீற்றிருக்கும் ஆட்சிக்குழுத் தலைவர் அவர்களே, மாவட்டக் கல்வி இயக்குநர் அவர்களே, மனைவியை இழந்து அமர்ந்திருக்கும் பெரியவர் ரிகா அவர்களே, சக ஆசிரியர்களே, சமையற்கூடத்துச் சகோதரிகளே, நாளை வகுப்பறைக்குள் நுழையப்போகும் பயிற்சி மாணவர்களே! உங்கள் துணை முதல்வன் ஜஸ்டஸ் மாகாங்கா பேசுகிறேன். வழக்கமாக இந்த உணவுக்கூடத்தில் நான் வாய் திறந்தாலே பின்வரிசை தட்டைத் தட்டும். இன்று ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை.

நம் முதல்வர் அப்போலினா வகேஷோ அம்மையார் போய்விட்டார். எப்படிப்பட்ட பெண்மணி! இந்த டைட்டா மலையில் அவர் காலடி வைத்தபோது நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எந்த நிலையில் இருந்தது? விடுதியில் தண்ணீர் இல்லை. சேர ஆளில்லை. ஐந்தாண்டுத் திட்டம் இம்முறையும் ஏட்டோடு நின்றால் கல்லூரியையே மூடிவிடுவோம் என்று அமைச்சகம் சொல்லிவிட்டது.

திட்டம் இல்லாமலா இருந்தது? இருந்ததே! மொம்பாசா கடற்கரை ஓட்டலில் உட்கார்ந்து தயாரித்து, ரிப்பன் வெட்டி, கேக் வெட்டி வெளியிட்ட திட்டம்! முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தோம். அம்மையார் வந்த அன்றே சாவி கேட்டார். யாரிடமும் சாவி இல்லை. பூட்டை உடைத்து எடுத்து, ஆசிரியர் கூட்டத்தில் உரக்க வாசித்தார். "படகுத்துறையைச் செப்பனிடுதல். இரண்டாவது படகு வாங்குதல்." நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஏங்க, இந்த மலையில ஏரி எங்கங்க இருக்கு?"

ஏரிக்கரைக் கல்லூரி ஒன்றின் திட்டத்தை அப்படியே படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தோம். உடற்பயிற்சி ஆசிரியர் ஒபாடியா மெல்ல இழுத்தார்: "முதல் படகே இன்னும் வரல மேடம்."

அம்மையார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "சரி, டீ போடச் சொல்லுங்க. நம்ம திட்டத்தை நாமளே எழுதுவோம்" என்றார்.

எங்கே எழுதினோம்? இதே கூடத்தில்! ஆசிரியரும் மாணவரும் சமையற்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டே எழுதினோம். அந்தப் பெரிய புத்தகம் சுருங்கி, இதோ எனக்குப் பின்னால் தொங்கும் இந்தக் கரும்பலகையில் அடங்கியது. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஓர் ஆளின் பெயர். நான் ஓரிடத்தில் 'நிர்வாகம்' என்று எழுதப்போனேன். அம்மையார் சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார்.

"நிர்வாகம்னா யாருய்யா மாகாங்கா? அவரு வீடு எங்க இருக்கு? நான் போய்ப் பார்க்கணும்."

வெள்ளிக்கிழமைதோறும் கொடியேற்றியதும் அந்தந்தப் பெயருக்குரியவர் எழுந்து 'நடந்தது' அல்லது 'நடக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். சாக்குப்போக்கு கூடாது. திட்டும் கிடையாது. நாங்கள் சும்மா விடுவோமா? 'நடந்துகிட்டிருக்கு' என்று புதிதாக ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டோம்! எல்லாம் நடந்துகொண்டே இருந்தது. குழாயில் மட்டும் காற்றுதான் வந்தது.

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அம்மையார் எழுந்தார்.

"தண்ணித் தொட்டி. அப்போலினா வகேஷோ. நடக்கல. மாவட்ட அலுவலகத்துல நான் போய்க் கேட்கணும். போகவே இல்ல. போனா மூடுற பேச்சை எடுப்பாங்களோன்னு பயம்."

முதல்வர் ஒருவர், மாணவர்கள் முன்னால், பயம் என்று சொன்னதை இந்த நாட்டில் எவராவது கேட்டதுண்டா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்று நினைத்தாலும் அப்படியே! அதன்பின் எந்த முகத்தோடு நாங்கள் 'நடந்துகிட்டிருக்கு' என்போம்? திங்கட்கிழமை பாதி ஆசிரியர்கள் அவரோடு வண்டியேறினோம். தொட்டி வந்தது. தண்ணீர் வந்தது. மாணவர்கள் வந்தார்கள்.

ஒபாடியா ஒருநாள் புலம்பினார்: "வெள்ளிக்கிழமைன்னாலே வயித்தைக் கலக்குது மேடம்."

"கலக்கட்டும்யா. இப்பத்தான் தண்ணி வந்துடுச்சே!"

சிரியுங்கள், அவருக்குப் பிடிக்கும். இயக்குநர் அவர்களே, அன்று மூடும் ஆணையோடு வந்தவர் நீங்கள். இன்று பிற கல்லூரி முதல்வர்களை அழைத்துவந்து இந்தப் பலகையைக் காட்டுகிறவரும் நீங்கள்தானே!

பலகையில் ஒரே ஒரு வரி மிச்சமிருக்கிறது. கீழே கற்றாழைத் தோட்டத்துப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள் விடியலில் யானைத் தடத்தில் நடக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு தங்குமிடம் வேண்டும். பக்கத்தில் அம்மையாரின் பெயர், அவர் கையெழுத்திலேயே. கடைசி வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து போனில் அழைத்தார். ஒலிபெருக்கியில் வைத்தோம். "தங்குமிடம். நடக்கல," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் போயிட்டா என் பேரை அழிச்சிடுங்க. செத்தவ எந்திரிச்சு வந்து பதில் சொல்ல மாட்டா."

அவர் போய் மூன்று வெள்ளிக்கிழமைகள் கழிந்தும் அந்தப் பெயரில் கைவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆட்சிக்குழுவோ பலகைக்குக் கண்ணாடி போட்டு நினைவாகக் காக்கலாம் என்கிறது. அன்பினால் சொல்கிறீர்கள், தலைவரே. ஆனால் மறுபடியும் கண்ணாடிக்குள்ளா? காலையில் வாசலில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது: "அந்தம்மா போயாச்சு. திட்டமும் அவ்வளவுதான்." அது உண்மையாகிவிட்டால் அவரை இரண்டாம் முறை புதைத்தவர்கள் நாமே ஆவோம்!

பெரியவர் ரிகா அவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ, அழிக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. தங்குமிடம். ஜஸ்டஸ் மாகாங்கா. நடக்கவில்லை. என்னோடு திங்கட்கிழமை வண்டியேற ஆள் வேண்டும். யார் யார் எழுந்து நிற்கிறீர்கள்?