திட்டு வாங்குற முறை

– 'ஜூலை பதினாறு, செவ்வாய்க்கிழமை. ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரி, மூணாவது மாடி, பிரசவம் ஆனவங்க வார்டு. எங்களுக்குக் காலை டூட்டி.' விசாரணைல இதுவரைக்கும் கரெக்டா சொல்லிடு கயல். இதுக்கப்புறம்தான் முக்கியம்.

– இதுக்கப்புறம் இன்னா சொல்லணும்?

– 'பதினொண்ணாம் பெட் லாவண்யாவுக்கு பிளீடிங் அதிகமா இருக்குன்னு ஷெரில் எங்கிட்ட சொன்னா. நான் உடனே ஓடிப்போய் கமர் ஜஹான் சிஸ்டரைக் கூப்பிட்டேன்.' அவ்ளோதான். நடுவுல எதுவும் இல்ல.

– நடுவுல கால் மணி நேரம் கீதே ஷெரில்.

– அதைத்தான் சொல்ல வேணாம்ங்கறேன்.

– த பாரு, நான் அப்ப வார்டுலயே இல்ல. கட்டுத்துணி ட்ரம்ம தூக்கினு கீழ போயிருந்தேன், கிருமி போவ வேக வெச்சு எடுத்தார. லிப்ட்டாண்ட நாகராஜ் அண்ணன் பாத்துச்சு. 'இன்னாமா ஸ்டூடண்ட்டு, இன்னிக்கும் கூலி வேலையா'ன்னு கிண்டல் வேற பண்ணிச்சு. அந்த அண்ணன கூப்ட்டு கேட்டாங்கன்னா?

– லிப்ட்மேனையெல்லாம் யாரு விசாரிக்கப் போறா. மெதுவாப் பேசு ப்ளீஸ், பிரின்சிபால் ரூம் கதவு திறந்திருக்கு.

– சரி, மெதுவாவே கேக்குறேன். ரத்தத்தப் பாத்தது நீ. சிஸ்டர் டேபிள் அந்தக் கட்டிலாண்ட இருந்து எட்டிப் பாத்தா தெரியும். நேரா போய் சொல்லாம என்ன எதுக்குத் தேடினு நின்ன?

– தெரியாத மாதிரி கேக்காதே. அன்னிக்கு உன் முறை.

– முறைன்னா? ரத்தம் போறப்ப கூடவா?

– நீ வெச்ச முறைதானேடி. 'யாரு எதைக் கண்டுபிடிச்சாலும் சிஸ்டர் முன்னாடி போய் நிக்கறது அன்னிக்கு முறை வர்றவ மட்டும்தான். வாங்கற திட்டை ஆளுக்கு ஒரு நாள் வாங்கிக்கலாம்.' மெஸ்ல உப்புமாத் தட்டைத் தட்டித் தட்டிச் சொன்னியே. பேட்ச் மொத்தமும் தலையாட்டினோம்.

– எதுக்கு வெச்சேன்னு மறந்துட்டியா?

– மறக்கல.

– நம்ம பேட்ச் சிந்துவ நெனச்சுத்தான் வெச்சேன். ஒரு அம்மாவுக்கு பிரஷர் கம்மியா கீதுன்னு போய் சொன்னா. அது ஒரு தப்பா? 'உனக்கு மெஷினைப் பிடிக்கவே தெரியலையே, மார்க்கெட்ல கீரை கட்ட அனுப்பியிருக்கலாம் உங்கம்மா'ன்னு அத்தினி பேஷண்ட் முன்னாடி சிஸ்டர் கேட்டாங்க. அடுத்த நாளும் அவதான் போனா, அதுக்கடுத்த நாளும் அவதான் போனா. இப்ப படிப்ப வுட்டுட்டு தி.நகர்ல துணிக்கடைல நின்னுனு கீறா. பாத்தா மூஞ்சத் திருப்பிக்கறா.

– உன்னையும்தான் கேட்டாங்க. ஆத்தங்கரைப் பொண்ணுக்கு ஸ்டெத்தாஸ்கோப் எதுக்குன்னு.

– என்ன கேட்டா பரவால்ல, நான் தொடச்சிப் போட்டுட்டுப் போறவ. ஆத்தங்கரைலேர்ந்து எங்கள கொண்டாந்து வெச்ச பெரும்பாக்கத்துல தண்ணி லாரி வந்தா தெனம் ஒருத்தியே சண்ட போட மாட்டா. இன்னிக்கு இவ போய் டிரைவராண்ட கத்துவா, நாளைக்கு அவ. ஒருத்தியே கெட்ட பேரு வாங்க வோணாம்னுதான். அத்தத்தான் இங்க கொண்டாந்தேன்.

– நல்லதுக்குத்தான் கொண்டுவந்தே. இப்ப அதைச் சொன்னா உள்ள இருக்கறவங்களுக்கு என்ன புரியும்? ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து பேஷண்டை டோக்கன் போட்டுப் பார்த்தாங்கன்னு புரியும். 'யாரு ஆரம்பிச்சது'ன்னு மொதல் கேள்வி வரும்.

– வரட்டும்.

– வரட்டும்னு ஈஸியா சொல்றே. சிஸ்டர் கையெழுத்து இல்லாம நம்ம பிரசவக் கேஸ் ஒண்ணுகூடக் கணக்குல வராது. பரீட்சை எழுத முடியாது. நீயும்தான், நானும்தான்.

– அதுக்காக சிஸ்டர் பேரையே எடுக்கக் கூடாதா?

– எடுக்காதே. ப்ளீஸ். என்ன வேணா சொல்லு, அவங்க பேரை மட்டும் இழுக்காதே.

– இன்னாடி, அவங்க பேர சொன்னாலே கதவாண்டயே பாக்குற?

– ஒண்ணுமில்ல. எழுந்திரு, டெல்பின் மேம் வர்றாங்க.

– உட்காருங்கம்மா, உட்காருங்க. ஷெரில், அம்மாகிட்ட பேசினியா?

– காலைல பேசினேன் மேம்.

– சாந்தோம் சர்ச்ல பூசைக்குப் போயிருக்கறப்ப அம்மாவைப் பார்த்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருக்கேன். கயல், இங்க பாரும்மா. உள்ள மூணு பேர் இருக்காங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்.

– நடந்தது ஒரே மாதிரி இல்லன்னா மேம்?

– நான் உன் டீச்சர் கயல், போலீஸ் இல்ல. ஆனா ஒண்ணு யோசி. அந்த ஆஸ்பத்திரிய விட்டா நம்ம காலேஜுக்குப் பிரசவம் கத்துக்க வேற இடம் கிடையாது. அங்க ஒரு சிஸ்டர் மேல விரல் நீட்டினா அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் எங்க போவாங்க? பொம்மைய வெச்சா கத்துப்பாங்க?

– பொம்ம திட்டாதுல்ல மேம்.

– இந்தப் பேச்சுதான் வேணாம்ங்கறேன். நான் உள்ள போறேன், கூப்பிடறப்ப ரெடியா இருங்க. கயல்தான் மொதல்ல.

– பாத்தியா? உங்க டெல்பின் ஆன்ட்டி உங்கம்மாவாண்ட ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ட்டாங்க. எங்கம்மாவாண்ட யாரும் எதுவும் சொல்லல.

– அப்படிப் பேசாதே கயல். நான் கேட்டு அவங்க சொல்லலை.

– நான் ஒண்ணு சொல்றேன், நீ கேளு. நேத்து லாவண்யாவப் பாக்கப் போனேன்.

– ஐசியூவுக்கா? உன்னை யாரு உள்ள விட்டது?

– அங்க கூட்டுற வேலம்மா அக்கா. 'ரெண்டே நிமிசம், ஷூவக் கழட்டிட்டுப் போ'ன்னுச்சு.

– எப்படி இருக்கா?

– மூஞ்சி காகிதம் மாதிரி கீது. ஆனா என்னப் பாத்து சிரிச்சா. 'நர்ஸம்மா, இது பையன். அடுத்தது பொண்ணு பொறந்தா உங்க பேரத்தான் வெப்பேன்'னா.

– அடுத்ததா?

– கர்ப்பப்பைய எடுத்தத அவளாண்ட இன்னும் யாரும் சொல்லல. புருசங்காரன் கதிரேசனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வெளிய செவுத்தப் பாத்து நின்னுனு இருந்தான்.

– நீ என்ன சொன்னே அவகிட்ட?

– நான் இன்னா சொல்றது. ட்ரிப்ஸ் ஓடுதான்னு பாத்தேன். ஓடினுதான் இருந்துச்சு. மறுபடியும் பாத்தேன்.

– கயல், நான் சும்மா நிக்கலை. உன்னைத் தேடிட்டு வந்து அவ வயித்தைத் தேச்சுக்கிட்டேதான் இருந்தேன். கிளாஸ்ல சொல்லிக்கொடுத்த மாதிரி. கர்ப்பப்பை கல்லு மாதிரி சுருங்கணும், ஆனா அது மாவு மாதிரியே இருந்துச்சு. சுருங்கவே இல்ல. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'கால் சில்லுன்னு இருக்குக்கா'ன்னா.

– கத்தி இருக்கலாம்ல?

– அந்த வார்டுல யாராவது கத்தி நீ பார்த்திருக்கியா? பேஷண்ட் கத்தினாலே அவங்களுக்கு ஆகாது.

– அது நெசம்தான்.

– நான் தெனமும் கனவுல கத்தறேன். வீட்ல அப்பா வந்து எழுப்பறார்.

– சரி. அழாத. நான் முடிவு பண்ணிட்டேன்.

– என்ன முடிவு?

– உள்ள போய் அப்படியே சொல்லப்போறேன். முறை வெச்சது நான். பயந்து பயந்து கெடந்த பொண்ணுங்க நல்லா இருக்கட்டும்னு வெச்சேன், அது ஒரு பொம்பளயோட வயித்துல போய் முடிஞ்சிது. ஷெரில் நான் சொன்ன மாதிரி என்னத் தேடினா, அவ்ளோதான். இன்னா பண்றதா இருந்தாலும் எனக்குப் பண்ணுங்க, அவளுக்கு வோணாம்.

– உன்னை டிஸ்மிஸ் பண்ணிடுவாங்க.

– பண்ணட்டும். சிந்து பக்கத்துல ஒரு கவுண்டர் காலியா இருக்கும்.

– விளையாடாதே. உங்க பிளாக்லயே காலேஜுக்கு வந்த மொதல் பொண்ணு நீ.

– அதனாலதான் சொல்றேன். பொய் சொல்லி இந்த வெள்ள கோட்ட மாட்டினு நாளைக்கு இன்னொருத்திக்குப் பிரசவம் பாக்க முடியாது என்னால. நான் வெச்ச முறைதான் அவளுக்கு இப்படி ஆக்கிச்சு.

– அது இல்ல கயல்.

– பின்ன வேற இன்னா?

– கயல், உள்ள வாம்மா. கூப்பிடறாங்க.

– தோ வரேன் மேம். விடுடி கைய.

– போகாதே. ஒரு நிமிஷம். நான் சிஸ்டர்கிட்ட போனேன்.

– எப்ப?

– பார்த்த உடனே. உன்னைத் தேடறதுக்கு முன்னாடி. ஓடிப்போய் டேபிள் முன்னாடி நின்னேன்.

– அப்ப ஏன் அவங்க எழுந்து வரல?

– 'பதினொண்ணாம் பெட்'னு ஆரம்பிச்சேன். நிமிர்ந்துகூடப் பார்க்கலை. 'இன்னிக்கு உன் முறை இல்லியே'ன்னாங்க.

– அவங்களுக்கு நம்ம முறை தெரியுமா?

– தெரிஞ்சிருக்கு. எத்தனை நாளாவோ.

– நீ இன்னா சொன்ன?

– கயல் முறை, அவளை நீங்கதான் ட்ரம்மோட கீழ அனுப்பியிருக்கீங்கன்னு சொன்னேன். 'அப்ப அவளே வந்து சொல்லட்டும்'னாங்க.