மேல்வீட்டுக் குப்பை

அரிசி களைந்த தண்ணீரை நான் ஒருநாளும் கீழே ஊற்றியதில்லை. முதல் தண்ணீர் வாழைக்குப் போகும். அடுத்த தண்ணீரில் புளி கரைப்பேன். தேங்காய் நார் பாத்திரம் துலக்க ஆகும். கிழிந்த புடவை முதலில் தலையணை உறை, அப்புறம் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. என் வீட்டில் குப்பைக்கூடை என்று ஒன்று இருந்ததே இல்லை. நீங்கள் எண்ணெய் டின்னைப் பற்றித்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அங்கேதான் வருகிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் கெங்கம்மாள். ஊர் மயிலத்துக்குப் பக்கம். அங்கே எங்களுக்கு வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போடுகிற நிலம் இருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்கிறான். என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் உத்தியோகம் பார்த்தபோது இந்த மூன்று மாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டை வாங்கினார். அவர் காலமான பிறகும் நான் இங்கேயே இருந்துவிட்டேன். ஃபிளாட்டுக்குக் கொல்லை கிடையாது. பின்பக்கம் சுவரோரமாக ஒரு துண்டு மண் சும்மா கிடந்தது. அதில் குழி வெட்டி, தோலும் சருகும் போட்டு மக்கவைத்து, ஒரு வாழையும் கருவேப்பிலையும் வளர்த்தேன். யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் வளர்த்தேன்.

அப்போதுதான் மேல்வீட்டுக்குக் கிருஷ்ணவேணி வந்தாள். சின்ன வயது, கையில் குழந்தை. அவள் புருஷன் அரங்கநாதன் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. மீந்ததையெல்லாம் அந்தப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, ஜன்னல் வழியாகப் பின்பக்கம் எறிவாள். நேராக என் வாழைமேல் வந்து விழும். நான் அவிழ்த்துப் பார்ப்பேன். நல்ல சோறு இருக்கும். சொத்தை இல்லாத கத்திரிக்காய் இருக்கும். ஒருமுறை உடைத்தபடியே ஒரு தேங்காய் மூடி, ஒரு கீறல்கூடத் துருவவில்லை. எந்த நாளில் அவர்களுக்குள் சண்டை, யார் சாப்பிடாமல் படுத்தார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்தது. பெற்ற தாயைவிட அவளை நான் நன்றாக அறிவேன்.

சொல்லிப் பார்த்தேன். "ஏம்மா, பைய அவுத்துட்டு குழியில போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "நாங்க இன்னா மாடா வச்சிக்கினு கீறோம், ஒண்ணொண்ணா பிரிச்சிப் போட? இருதயமேரி வந்து அள்ளிக்கினு போவுங்கக்கா. உங்களுக்கு ஏன் இந்தப் பேஜாரு?"

இருதயமேரி எங்கள் குடியிருப்பைப் பெருக்க வருகிறவள். கண்டமங்கலம் பக்கம் ஏதோ காலனியிலிருந்து வருவாள். பாட்டில், டப்பா, கிழிந்த செருப்பு, எதையும் விடமாட்டாள். எல்லாவற்றையும் எதற்காவது ஆக்கிவிடுவாள். என் வாசலுக்கு வந்தால், "உங்க வூட்ல எனக்கு வேலயே இல்லம்மா" என்பாள். அந்தக் குடியிருப்பிலேயே என்னைப் புரிந்துகொண்ட மனுஷி அவள் ஒருத்திதான். நானும் அவளை நன்றாகத்தான் வைத்திருந்தேன். காபி கொடுப்பேன். ஓட்டை விழுந்து பற்றவைத்த டம்ளர் ஒன்றை அவளுக்கென்றே தனியாக வெளியே வைத்திருந்தேன். டம்ளரும் வீணாகவில்லை.

கிருஷ்ணவேணியின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. என் குழியிலிருந்து வருகிற ஈதான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னாள். குடியிருப்புச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். செயலாளர் சுப்பராயலு என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "கிராமத்து வேலையெல்லாம் ஃபிளாட்டுல சரிப்படாதுங்க." மறுவாரம் குழியை மூடிச் சிமெண்ட் பூசினார்கள். வாழையை வெட்டினார்கள். அப்போதுதான் குலை தள்ளியிருந்தது. பிஞ்சு, பொரியலுக்குக்கூட ஆகவில்லை. கிருஷ்ணவேணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள். அன்று சாயங்காலம் ஒரு பை அந்தச் சிமெண்ட் தரைமேல் வந்து விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு காரியத்துக்கு முடிவு தெரிந்துவிட்டால் கோபத்துக்கு வேலை இல்லை.

இப்போது டின்னுக்கு வருகிறேன். மல்லாட்டைக்குப் பூச்சிமருந்து அடித்து முடித்தபின் மிஞ்சுகிற தகர டின்களைத் தம்பி திண்டிவனம் பஸ்ஸில் எனக்குக் கொண்டுவந்து தருவான். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பச்சைப் பெயின்ட் அடித்துச் செடி வைப்பேன். வாயில் வைக்கிற பொருள் எதையும் அந்த டின்னில் நான் வைத்ததில்லை. அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு டின்னை மட்டும் தேய்க்கவில்லை. பெயின்ட் மட்டும் அடித்தேன். அடியில் கொஞ்சம் மருந்து நின்றது. அதைக் கீழே ஊற்றவில்லை. எதையும் கீழே ஊற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாதே. அதன்மேல் எண்ணெயை நிரப்பி, பொங்கலுக்கு முன்னால் மேல்வீட்டுக்கு எடுத்துப் போனேன். குழந்தை இன்னும் எண்ணெய்ப் பலகாரம் தின்கிற வயதுக்கு வரவில்லை. அதையும் யோசித்துத்தான் செய்தேன். நான் ஒன்றும் ராட்சசி இல்லை.

"ஊர்ச் செக்குல ஆட்டுன மல்லாட்டை எண்ணெம்மா. கொஞ்சம் வாடை அடிக்கும், ஆனா வடை சுட்டா மெத்துனு வரும்" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, அந்தக் குழி விஷயத்த மனசுல வச்சிக்கினு இருக்கீங்களோன்னு நெனச்சேன்."

"அத அப்பவே மறந்துட்டேம்மா" என்றேன்.

பொங்கல் வந்து போனது. மேலே வாணலிச் சத்தம் கேட்டது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் இருதயமேரி வேலை முடிந்து கிளம்பினாள். அவள் இடுப்பில் அந்தப் பச்சை டின் இருந்தது.

"இன்னாடி அது?" என்று கேட்டேன்.

"மேல்வூட்டம்மா குடுத்துச்சும்மா. வாடையா கீதுன்னு வோணாம்னுடுச்சு. நமக்கு இன்னாம்மா வாடை? களிக்கு ஊத்தித் துன்னா எறங்கிடும்."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். டின்னை வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் கொடுத்த பொருளைத் திருப்பி வாங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். "ஜல்தி போ, பஸ்ஸு போயிடப்போவுது" என்றேன். போனாள். வாசலைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் பசி தாங்காமல் கேப்பைக் களியில் அந்த எண்ணெயை ஊற்றிப் பிசைந்து தின்றாளாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை, அதனால் தப்பித்தன. அவள் புருஷன் சவுரிராயன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். வழியிலேயே முடிந்துவிட்டது. மேல்வீட்டம்மா கொடுத்த எண்ணெய் என்று சாகும்முன் அவள் சொன்னதைச் சொல்லி அவன் டின்னைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தான், நீங்கள் கிருஷ்ணவேணியை அழைத்துப்போனீர்கள். நான் கொடுத்த எண்ணெய் என்று அவள் அழுதாள். அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னேன். மேல்வீட்டு ஜன்னல் மூடியிருந்தது. பின்பக்கம் சுத்தமாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு நீங்களே வந்து என் வீட்டுப் பச்சை டின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தீர்கள். இனி மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

ஆமாம், கிருஷ்ணவேணி சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இருதயமேரியின் சாவை என் தலையில் கட்டாதீர்கள். அந்தப் பெண்ணை நான் ஒன்றும் செய்யவில்லை. வீடு தேடி வந்த பொருளைச் சமைத்துத் தின்னாமல் வெளியே தள்ளினாளே மேல்வீட்டுக்காரி, அந்த ஊதாரித்தனம்தான் இருதயமேரியைக் கொன்றது.