விற்றதை விற்றதாகவே மதித்த வெதுப்பக வேந்தருக்கு

வெண்மாவில் விரல் பதித்து, வெங்கனலில் வாழ்வு வளர்த்து, வேலைக்கு வந்தோரை வீட்டாராக்கிய வித்தகரே! பாரிஸில் லா சப்பல், ஸ்டாலின்கிராட் மெத்ரோ ரயில் நிலையங்களுக்கு நடுவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடியலை ரொட்டி வாசத்தால் எழுப்பிய பெருந்தகையே! எங்களோடு நின்று எங்கள் அடுப்படித் தமிழையும் பழகிக்கொண்ட முசியே ஆல்பேர் செர்பிப் அவர்களே! இன்று ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் நன்றி நிறை வணக்கம்!

வெள்ளிக்கிழமை கடைசிப் பின்னல் ரொட்டியும் விற்றுத் தீர்ந்தபின், சபாத் ஓய்வுக்குக் கதவடைக்கும் முன், மாவு படிந்த மேலங்கியோடு நின்று உங்கள் யூத வேதமான தோராவில் அந்த வாரத்துப் பகுதியை எங்களுக்கு நாலு வசனத்தில் சொல்வீர்கள். கொளுத்தும் வெயிலில் ஆபிரகாம் முன்பின் தெரியாதவர்களை நோக்கி ஓடிய கதையைச் சொல்லி, "வந்தவன் ஆரெண்டு கேக்க முதல் தண்ணி குடுத்தவர்" என்பீர்கள். கூடாரப் பண்டிகைக்கு முற்றத்தில் தழைக் கொட்டில் போட்டு, "கூரைக்குள்ளாலை வானம் தெரியவேணும். வீடு நிரந்தரமெண்டு நினைக்கக் கூடாது" என்பீர்கள். வீடு விட்டு வந்த எங்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆயினும் உங்கள் புகழை நாங்கள் அடுக்குவதைவிட, பொதி கட்டும் மேசையில் நின்ற தில்லைநாயகிக்கு நடந்ததைச் சொல்வதே உங்களுக்குத் தகும்.

கடை பூட்டியிருக்கும் எட்டு நாள் பாஸ்காப் பண்டிகையில் புளித்த பண்டமோ, அதற்கான மாவோ யூதர் கையில் இருக்கலாகாது. எனவே பண்டிகைக்கு முன் அதை வேற்று மதத்தவர் ஒருவருக்கு விற்று, முடிந்ததும் திரும்ப வாங்குவது வழக்கம். உங்கள் மாவை வாங்குபவர் தில்லைநாயகி. ஆண்டுதோறும் களஞ்சியச் சாவியை அவர் கையில் வைத்து, "இது நாடகமில்லை, அக்கா. இண்டையிலை இருந்து இது உங்கடை மா" என்பீர்கள். அவர் சிரித்துக்கொண்டே சாவியைக் கைப்பைக்குள் போடுவார். 2015 வரை ஒருமுறையும் அதை எடுத்துக் களஞ்சியத்தைத் திறந்ததில்லை.

2015ஆம் ஆண்டு பாஸ்காவின் இரண்டாம் நாளும் கிறிஸ்தவரின் உயிர்த்த ஞாயிறும் ஒன்றாக வந்தன. சித்திரைப் பிறப்புக்குச் சாமான் வாங்க புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்து வந்த தில்லைநாயகி, மெத்ரோப் பாலத்தின் கீழே நின்றுவிட்டார். நாடு விட்டு ஓடிவந்த சனம் அங்கே கூடாரங்களில் கிடந்தது. மழை. சாப்பாடு கொண்டுவரும் தொண்டர்கள் அன்று வரவில்லை. ஒரு தாய், ஒற்றை பிஸ்கட்டை உடைத்துத் தன் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வந்த நம் வெதுப்பாளர் யேசுரட்ணத்தைத் தில்லைநாயகி மறித்தார்.

"தம்பி, களஞ்சியத்திலை மா கிடக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ, அக்கா! அது சும்மா சடங்குக்கு வித்தது. வேலை போனா கார்ட் புதுப்பிக்க என்ன செய்வியள்?"

அந்தப் பயம் தில்லைநாயகிக்கும் இருந்தது. வதிவிட அட்டை கோடையில் முடிகிறது. சம்பளத் துண்டு இல்லாமல் புதியது கிடைக்காது. உங்களைக் கேட்கவும் வழியில்லை. பண்டிகை நாளில் நீங்கள் தொலைபேசியைத் தொடமாட்டீர்கள். கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"நாடகமில்லையெண்டு சொன்னவர் அவர்தானே? வாரும், மூட்டையைத் தூக்கும்."

பக்கத்துத் தமிழ் உணவகத்தின் சமையலறையில் அன்று தொடங்கிப் பண்டிகை முடியும்வரை ரொட்டி வெந்தது. பருப்போடு அது பாலத்தின் கீழே போனது.

அடுத்த ஞாயிறு நீங்கள் வந்தீர்கள். எட்டு நாள் ரொட்டி காணாத வாடிக்கையாளர் வாசலில் வரிசை கட்டி நின்றனர். களஞ்சியம் பாதி வெறுமை. தில்லைநாயகி சாவியோடு நின்றார்.

"முசியே, மா குறைஞ்சு போச்சு. பாலத்துக்குக் கீழை இருந்த சனத்துக்குச் சுட்டுக் குடுத்திட்டன். என்னை நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ."

உங்கள் முகம் சிவந்ததை நாங்கள் கண்டோம். மறைக்கமாட்டோம், பயந்தோம்.

"எப்ப குடுத்தனீங்கள்?"

"போன ஞாயிறு தொடங்கினனான்."

நீங்கள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். வெளியே சனம் கண்ணாடியைத் தட்டியது. 

"அண்டைக்குத் தொழுகையிலை வாசிச்சது என்ன தெரியுமோ? 'வயலை அறுக்கேக்கை ஓரத்தை விட்டுவிடு, அது ஏழைக்கும் அந்நியனுக்கும்.' நான் இருந்து கேட்டனான். கேட்டுப்போட்டு வீட்டை போய் வடிவாச் சாப்பிட்டனான்."

பிறகு எழுந்து, சாவிக்குக் கை நீட்டாமல் கேட்டீர்கள்: "மிச்ச மாவை எனக்கு விப்பீங்களோ, அக்கா?"

 தில்லைநாயகி தலையை ஆட்டினார். நீங்கள் கதவைத் திறந்து வரிசையிடம், "இன்றைக்கு ரொட்டி கொஞ்சம்தான். மா என்னுடையதாக இருக்கவில்லை" என்று பிரெஞ்சில் சொன்னீர்கள். பலர் முணுமுணுத்தபடி போனார்கள். நீங்கள் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கோடையில் வதிவிட அட்டை வரிசையில் அவரோடு நீங்களும் நின்றீர்கள்.

மறு ஆண்டு பாஸ்கா நெருங்க, புது மூட்டைகள் வந்து இறங்கின. யேசுரட்ணம் திகைத்தார். "முசியே, பண்டிகைக்கு முதல் மாவைக் குறைக்கிறதெல்லோ வழக்கம்?"

"ஓம். ஆனா தில்லைநாயகிக்கு விக்கிறதுக்கு மா வேணுமே!"

வேதத்தை வாயால் ஓதி, வாழ்வால் விளக்கிய விழுமியரே! தோராவின் கடைசி வரியை வாசித்த கையோடு முதல் வரியைத் தொடங்கும் திருநாள் இந்த வாரம்தான் கழிந்தது. உங்கள் மகள் மிரியம் இந்தக் கடையை ஏற்று நடத்தத் தொடங்குகிறார். நீங்கள் ஓய்வைத் தொடங்குங்கள். உங்கள் மரபு வாழ்த்தும் நூற்றிருபது ஆண்டும் நோயின்றி, நொடியின்றி, நகை மாறாமல் நீங்கள் வாழ வேண்டும்! காலையில் இந்த வழியே வந்தால், வாடிக்கையாளராக வரிசையில் நில்லாதீர்கள். நேரே உள்ளே வாருங்கள். முதல் ரொட்டி உங்களுக்கு.

மாவு படிந்த கைகளைக் கூப்பி,
தில்லைநாயகி, யேசுரட்ணம் மற்றும்
வெதுப்பகத் தொழிலாளர் அனைவரும்
லா சப்பல், பாரிஸ்
ஐப்பசி 2019